கமடோர் 64-க்கு எஸ்டி கார்டு பெட்டி: கார்டு நுழையும் வாயிலிருந்து தொடங்குங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் நல்ல நிலையில் ஒரு கமடோர் 64, அந்தக் காலத்து வீட்டுக் கணினி, இருக்கிறது. டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக, எஸ்டி கார்டில் உள்ள கோப்புகளைக் கணினிக்குக் கொடுக்கும் எஸ்டி2ஐஇசி போர்டு ஒன்றைப் பயன்படுத்துகிறார். போர்டுக்கு உறை எதுவும் இல்லை. கணினியின் பின்னால் கேபிளில் தொங்குகிறது. ஒரு நாள் மேசையில் கிடந்த ஸ்க்ரூ போர்டின் அடிப்பக்கம் பட்டு, திரை அப்படியே இருண்டுவிட்டது. நல்ல வேளை, எதுவும் கருகவில்லை. இப்போது அதற்கு ஒரு பெட்டி வேண்டும், முடிந்தால் கமடோரின் பழைய 1541 டிஸ்க் டிரைவின் குட்டி வடிவத்தில். 3டி பிரிண்டர் கையில் இருக்கிறது. அளவெடுக்க எங்கிருந்து தொடங்குவது, மின்சாரத்தைக் கணினியின் கேசட் போர்ட்டிலிருந்து (டேப் ரெக்கார்டரை இணைக்கும் இடம்) எடுக்கலாமா, எந்தப் பிளாஸ்டிக் நல்லது என்று கேட்கிறார்.

பெரும்பாலும் எல்லோரும் செய்வது இதுதான்: போர்டின் நீள அகலத்தை அளப்பார்கள், சுற்றிலும் இரண்டு மி.மீ. விடுவார்கள், பெட்டி வரைவார்கள். கடைசியில் சாக்கெட் எங்கே வருகிறதோ அங்கே ஒரு ஓட்டை. நானும் முதல் மூன்று பெட்டிகளை இப்படித்தான் செய்தேன், மூன்றும் குப்பைக்குப் போயின. இந்தப் பெட்டிக்கு உண்மையில் இரண்டு வேலைகள் உண்டு. விரல் கார்டைத் தள்ளும் விசையைத் தாங்க வேண்டும். கேபிள் இழுக்கும் விசையைத் தாங்க வேண்டும். வெறும் போர்டில் இந்த இரண்டு விசையும் போய் முடிவது சின்னச் சின்ன சால்டர் புள்ளிகளில். அவற்றை அங்கிருந்து விலக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றுவதற்குத்தான் பெட்டி. ஸ்க்ரூ உரசாமல் காப்பது கூடவே கிடைக்கும் லாபம், அவ்வளவுதான். ஆகவே கார்டு நுழையும் வாயிலிருந்து தொடங்குங்கள், அடுத்து கேபிள் வெளியேறும் இடம், போர்டின் அளவு அதற்கும் பிறகு, தோற்றம் கடைசியில்.

கார்டின் அளவு எல்லோருக்கும் ஒன்றுதான்: 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், 2.1 மி.மீ. கனம். மைக்ரோ எஸ்டி என்றால் 15, 11, 1. போர்டுக்குப் போர்டு மாறுவது சாக்கெட். அதில் இரண்டு வகை. ஒன்றில் கார்டைத் தள்ளினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், மறுபடி தள்ளினால் துள்ளி வெளியே வரும். மற்றொன்றில் தள்ளிச் செருகி, பிடித்து இழுக்க வேண்டும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள், பெட்டியின் முகப்பே அதைப் பொறுத்துத்தான்.

டிக் வகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூட்டுவதற்குக் கார்டு தன் இருப்பிடத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். கார்டின் பின் விளிம்பு முகப்போடு சமமாக இருந்தால் பார்க்க அழகு. ஆனால் அதை வெளியே எடுக்கும்போது விரல் முகப்பைத் தாண்டி உள்ளே போக வேண்டுமே, விரல் நுனி அந்தச் சந்தில் நுழையாது. நகத்தால் குத்திக்கொண்டு நிற்பீர்கள். அதனால் வாயின் நடுவில் விரல் புதையும்படி அரைவட்டக் குழி ஒன்று வையுங்கள். 9 அல்லது 10 மி.மீ. ஆரம் போதும். இழுக்கும் வகையானால் கார்டு குறைந்தது 5 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடி கிடைக்காது.

வெர்னியர் காலிப்பரால் அளக்கும்போது வெறும் சாக்கெட்டை அளக்காதீர்கள். கார்டைச் செருகி, பூட்டிய நிலையில் போர்டின் விளிம்பிலிருந்து கார்டின் பின் விளிம்பு வரை ஒரு அளவு. பிறகு விரலால் கடைசிவரை அழுத்திப் பிடித்தபடி அதே தூரத்தை மறுபடியும். அந்த இரண்டு எண்களும் இருந்தால் முகப்பு எங்கே நிற்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

வாயின் அளவுக்கு வருவோம். 24-க்கு 24.2 என்று கச்சிதமாக வரையத் தோன்றும், வேண்டாம். கார்டை வழிநடத்துவது சாக்கெட்டின் வேலை, முகப்பின் வேலை இல்லை. பிரிண்டரில் கால் மி.மீ. பிழை, போர்டைத் திருகும்போது கால் மி.மீ. பிழை, இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் இறுக்கமான வாய் கார்டை ஒரு திசையிலும் சாக்கெட் வேறொரு திசையிலும் இழுக்கும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரம் வையுங்கள். வெளி விளிம்பை 45 டிகிரியில் சரித்துவிட்டால் இருட்டில்கூடக் கார்டு தானாக வழி கண்டுபிடித்துப் போகும்.

இறுக்கமான வாயால் வரும் இன்னொரு தொல்லை எனக்கு அரைநாளைத் தின்றது. என் இரண்டாவது பெட்டியில் கார்டு நன்றாகப் போய்ப் பூட்டிக்கொண்டது, கோப்புப் பட்டியல் வந்தது, விளையாட்டு ஓடியது. ஆனால் எதையாவது சேமிக்கப் போனால் பிழை எண் 26, 'ரைட் ப்ரொடெக்ட் ஆன்'. கார்டை வெளியே எடுத்துப் பக்கவாட்டுப் பொத்தானைத் திறந்த நிலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பச் செருகினால் மறுபடியும் 26. கார்டை மாற்றினேன், போர்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினேன், சாக்கெட்டின் கால்களுக்குப் புதிதாகச் சால்டர் வைத்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி வாயின் இடது ஓரம். எஸ்டி கார்டில் அந்தச் சின்னப் பொத்தான் தொடர்புப் பட்டைகளின் பக்கம் இருந்தால் எழுதலாம், பின்பக்கம் வந்தால் பூட்டு. கார்டு உள்ளே போகப் போக, இறுக்கமான ஓரம் பொத்தானை மட்டும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கார்டைப் பொறுத்தவரை பொத்தான் பின்னால் நகர்ந்து பூட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் நான் திறந்துவிட, பெட்டி பூட்டிவிட்டது. அரத்தால் நாலு தேய்ப்பு, தீர்ந்தது.

அடுத்தது உள்ளே இருக்கும் இடைவெளி. முகப்பின் உட்புறத்துக்கும் சாக்கெட்டின் வாய்க்கும் நடுவில் 3 மி.மீ. சந்து இருந்தாலே போதும், கார்டு கொஞ்சம் சாய்ந்தால் சாக்கெட்டுக்கு அடியில் போய் முட்டும். மைக்ரோ எஸ்டியாக இருந்தால் இன்னும் மோசம்: சாக்கெட்டுக்கு மேலே ஏறிப் பெட்டிக்குள் விழுந்துவிடும். பெட்டியைக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும், ஸ்க்ரூவைக் கழற்றாமல் வேறு வழி இல்லை. முகப்பின் உட்புறத்தில், வாய்க்குக் கீழும் மேலும், சாக்கெட்டைத் தொடும் அளவுக்கு மெல்லிய உதடுகளை நீட்டிவிடுங்கள். ஒரு மி.மீ. கனம் போதும்.

வாயை உருவாக்கும் விதம் பற்றி ஒரு யோசனை. பெட்டியையும் முகப்பையும் ஒரே துண்டாக அச்சிடாதீர்கள். நிற்கும் சுவரில் 25 மி.மீ. நீள ஓட்டை என்றால், அதன் மேல் விளிம்பைப் பிரிண்டர் அந்தரத்தில் பாலம் போட்டுத்தான் கட்டும். பாலம் கொஞ்சம் தொங்கும், நீங்கள் வைத்த 3 மி.மீ. உயரத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். முகப்பை 2 மி.மீ. கனமுள்ள தனித் தட்டாக, வெளிப்பக்கம் பிரிண்டரின் படுக்கைத் தட்டில் படுமாறு அச்சிடுங்கள். மேலே சொன்ன உதடுகள் மேல்நோக்கி எழும்பி வரும். பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் 2.3 மி.மீ. பள்ளம் விட்டால் தட்டு மேலிருந்து சறுக்கி இறங்கும். வாய் நேராக வரும், முகம் வழவழப்பாக இருக்கும். அளவு தப்பினால் அந்தத் தட்டை மட்டும் திரும்ப அச்சிட்டால் போதும். நான் எந்தப் பெட்டியை வரைந்தாலும் முதலில் இந்தத் தட்டை மட்டும் அச்சிட்டு, போர்டுக்கு முன்னால் கையால் பிடித்துக் கார்டைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: சில போர்டுகளில் சாக்கெட் அடிப்பக்கம் இருக்கும். போர்டை நேராக வைத்தால் கார்டின் பெயர்ச்சீட்டு தரையைப் பார்க்கும். சரி, கவிழ்த்து வைக்கலாம் என்றால் எல்இடியும் பொத்தான்களும் தரையைப் பார்க்கும். என்னைக் கேட்டால் கார்டு கவிழ்ந்தே போகட்டும், முகப்பில் ஒரு சின்ன அம்புக்குறியைப் பொறித்துவிடுங்கள். எல்இடிக்கு ஒயர் இழுத்து இடம் மாற்றுவதைவிட அது சுலபம்.

இனி போர்டைப் பிடிக்கும் விதம். மூலைகளில் 6 அல்லது 7 மி.மீ. விட்டத்தில் கால்கள், அவற்றில் 2.5 மி.மீ. துளை, 3 மி.மீ. தட்டும் திருகு தன் மரையைத் தானே வெட்டிக்கொள்ளும். போர்டின் அடியில் சால்டர் கால்கள் இரண்டு, மூன்று மி.மீ. துருத்தும், அதனால் கால்களின் உயரம் 5 மி.மீ. இருக்கட்டும். இதுவரை எல்லோரும் செய்வார்கள். விட்டுவிடுவது பின் சுவரை. ஒவ்வொரு முறை கார்டைத் தள்ளும்போதும் போர்டு பின்னால் நகரப் பார்க்கும், அந்த விசையைத் திருகுகள் மட்டும் தாங்கினால் பிளாஸ்டிக் மரை கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும். போர்டின் பின் விளிம்பை ஒட்டினாற்போல், அடித்தளத்திலிருந்து எழும்பும் ஒரு தடுப்பு வையுங்கள். போர்டு அதில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். விசை தடுப்புக்குப் போகும், திருகுக்குப் போர்டு மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும்தான்.

கேபிளுக்கும் இதே நியாயம். ஐஇசி என்பது கமடோர் தன் டிரைவுகளுக்கும் பிரிண்டர்களுக்கும் வைத்த தொடர் இணைப்பு, ஆறு முள் கொண்ட 'டின்' (DIN) வகை வட்டப் பிளக். அதில் தரை (கிரவுண்ட்), ஏடிஎன், கிளாக், டேட்டா, ரீசெட், எஸ்ஆர்க்யூ என ஆறு இழைகள்தான், மின்சாரம் கிடையாது. பெட்டியில் டின் சாக்கெட் வைப்பதா, கேபிளை நேராகப் போர்டில் சால்டர் செய்து வெளியே விடுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், பெட்டியின் உயரத்தையே அது மாற்றும். டின் பிளக்கின் உலோக வளையமே 13 மி.மீ. விட்டம், கைப்பிடியோடு சேர்த்தால் இன்னும் பெரிது. போர்டில் பொருத்தும் சாக்கெட் 20 மி.மீ. உயரத்தை விழுங்கிவிடும். நான் கேபிளை நேராக விடும் கட்சி. பின் சுவரில் கேபிளின் கனத்துக்கு ஒரு துளை, உள்ளே மூன்று முளைகள். கேபிள் அவற்றுக்கு நடுவில் பாம்பு மாதிரி வளைந்து போக வேண்டும். கடைசி முளைக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் கட்டு. வெளியிலிருந்து பலமாக இழுத்துப் பாருங்கள். போர்டுக்குப் போகும் இழைகள் கொஞ்சம் தளர்வாகவே இருக்க வேண்டும், இம்மியும் அசையக்கூடாது.

இது ஒயர் அறுந்துபோகும் பிரச்சினை மட்டும் இல்லை. கமடோர் 64-இல் கிளாக், டேட்டா இரண்டும் கணினிக்குள் வரும் வழி வெளித் தொடர்புகளைக் கவனிக்கும் 6526 சிப்பின் கால்களில் நேராகப் போய் முடிகிறது. வெளியே போகும் சமிக்ஞைக்கு நடுவில் 7406 என்ற சிப் இருக்கிறது, உள்ளே வருவதற்கு அந்தக் காவல் இல்லை. தளர்ந்த ஒயர் ஒன்று உள்ளே 5 வோல்ட்டில் உரசினாலோ, கணினி ஓடும்போது பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலோ அந்தச் சிப்புக்கு ஆபத்து. அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. அசல் சிப்பே வேண்டும் என்றால் பெரும்பாலும் வேறொரு கமடோரின் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மின்சாரம் கேசட் போர்ட்டிலிருந்து எடுக்கலாமா? எடுக்கலாம், எடுப்பதுதான் நல்லதும். கணினி அணைந்தால் போர்டும் அணையும், எழுந்தால் எழும். ஒன்று விழித்திருக்க மற்றொன்று தூங்கும் குழப்பம் வராது. கார்டில் எழுதும்போதுகூட மொத்தத் தேவை 200 மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான். சீரியல் போர்ட்டும் கேசட் போர்ட்டும் பின்பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு கேபிளையும் ஒன்றாகப் பின்னி ஒரே துளையில் கொண்டுவரலாம்.

ஆனால் கேசட் போர்ட் என்பது சர்க்யூட் பலகையின் விளிம்பே. மேலே ஆறு, கீழே ஆறு தொடர்புகள், நடுவிடைவெளி 3.96 மி.மீ. ஒரு முனையிலிருந்து எண்ணினால் முதலாவது தரை, இரண்டாவது 5 வோல்ட், பிறகு மோட்டார், படிப்பது, எழுதுவது, கடைசியில் பொத்தான் அழுத்தப்பட்டதா என்று பார்க்கும் கம்பி. தலைகீழாகச் செருகினால் என்ன ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: உங்கள் போர்டின் தரை ஆறாவதில் உட்காரும், 5 வோல்ட் கம்பி ஐந்தாவதில். அந்த ஐந்தும் ஆறும் கணினியின் மூளையான 6510-க்கே நேராகப் போகின்றன. இதைத் தடுக்கத்தான் பலகை விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. சும்மா வாங்கும் விளிம்பு இணைப்பானில் அதற்கு ஈடான தடுப்புத் துண்டு பெரும்பாலும் இருக்காது. நீங்களே ஒரு பிளாஸ்டிக் சீவலைச் செருகி ஒட்டுங்கள். இணைப்பானுக்கும் ஒரு குட்டி உறை அச்சிட்டு மேல்பக்கத்தில் 'மேல்' என்று பொறித்துவிடுங்கள். பெட்டியைவிட இந்தச் சின்ன உறைதான் கணினியின் உயிரைக் காப்பாற்றும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை, பெட்டிக்கு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். கேசட் போர்ட்டில் வரும் 5 வோல்ட் கணினிக்கு வெளியே இருக்கும் அந்தக் கனமான மின்மாற்றிக் கட்டியிலிருந்து வருவது. பிசினில் புதைத்து அடைத்த பழைய கட்டிகளில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் மேலே ஏறிவிடும், முதலில் சாவது மெமரி சிப்புகள். உங்கள் கார்டு போர்டும் அதே கம்பியில்தான் இருக்கிறது. மல்ட்டிமீட்டர் வைத்து 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்று சரியாக இருந்தால் நாளையும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அசல் கட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாகச் செய்த ஒன்றுக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

இப்போதுதான் உங்கள் ஆசைக்கு வருகிறேன், குட்டி 1541. ஆசை நியாயமானதே. 1982-இல் வந்த கமடோர் 64-க்கு அந்தப் பழுப்பு டிரைவ் உடன்பிறப்பு மாதிரி. தனக்கென ஒரு 6502 பிராசசரும் 2 கிலோபைட் மெமரியும் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு 170 கிலோபைட் எழுதிய இயந்திரம். அசலின் அளவு ஏறக்குறைய 200 மி.மீ. அகலம், 97 உயரம், 374 நீளம். இதை எத்தனையில் ஒன்றாகச் சுருக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது விழுங்கிய டிஸ்க் 5.25 அங்குலம், அதாவது 133 மி.மீ. ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் 26.6 மி.மீ. வரும், நம் கார்டோ 24. எவ்வளவு பொருத்தம்! டிஸ்க் வாயிலேயே கார்டு டிஸ்க் மாதிரி நுழையும். ஆனால் பெட்டி 40 மி.மீ. அகலம், 19 மி.மீ. உயரம் என்று ஆகிவிடும். பக்கச் சுவர்கள் போக உள்ளே 36 மி.மீ. அகலம்தான் மிச்சம், பல போர்டுகள் அதற்குள் வராது. டின் சாக்கெட் நிற்கவும் முடியாது. உங்கள் போர்டு ஒல்லியானதாக இருந்து, கேபிளை நேராகச் சால்டர் செய்யவும் தயார் என்றால் இதையே செய்யுங்கள், அவ்வளவு அழகாக இருக்கும்.

இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று: 67 அகலம், 32 உயரம், 125 நீளம். எல்லாம் தாராளமாக உள்ளே போகும். டிஸ்க் வாய் 44 மி.மீ. என்று வரும், அந்த முழு அகலத்துக்கும் ஒரு மி.மீ. ஆழத்தில் பொய்ப் பள்ளம் போட்டு, நடுவில் மட்டும் 25 மி.மீ. நிஜ வாயைத் திறந்துவிடுங்கள். விரலுக்குச் சொன்ன அரைவட்டக் குழி இங்கே இயல்பாகவே பொருந்தும். 1541-இல் முதலில் வந்தவற்றுக்கு அழுத்தி மூடும் கதவு, பின்னால் வந்தவற்றுக்குத் திருகும் நெம்பு. நெம்பு வைத்த முகப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்த நெம்பையே டிஸ்க் மாற்றும் பொத்தானாக ஆக்கலாம். உள்ளே இருக்கும் பொத்தானை அது அழுத்துமாறு ஒரு சின்ன நாக்கு போதும். விளையாட்டு 'இரண்டாவது டிஸ்க்கைப் போடு' என்று கேட்கும்போது நெம்பைத் திருப்புவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, சொன்னால் புரியாது.

அசலின் மேலே காற்றுத் துளைகள் உண்டு. அது அடுப்பு மாதிரி சூடாகும், அதற்குத் துளை வேண்டும். நம் போர்டு தின்பது அதிகம் போனால் ஒரு வாட். துளைகளைப் பள்ளமாக மட்டும் போடுங்கள், அடிவரை திறக்காதீர்கள், தூசிதான் இறங்கும்.

நிஜமான ஒரு பழைய டிரைவைக் குடைந்து அதற்குள் வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஓடும் டிரைவ் என்றால் கை வைக்காதீர்கள். கார்டு போர்டு டிரைவின் பேச்சைப் புரிந்துகொள்கிறதே தவிர டிரைவாகவே நடிப்பதில்லை. டிரைவின் பிராசசருக்குள் தன் சொந்தக் கட்டளைகளை ஏற்றி வேகமாக ஓடும் சில விளையாட்டுகள் கார்டு போர்டில் ஓடாது. அன்றைக்கு அசல் டிரைவ் தேவைப்படும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் பெரிதாகக் குழம்ப வேண்டாம். பிஎல்ஏ அச்சிடச் சுலபம், விளிம்புகள் கூர்மையாக வரும், ஆனால் 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். ஜன்னலோரம் வெயிலில் வைத்த என் பெட்டி ஒன்றின் மூடி ஒரே கோடையில் தொட்டில் மாதிரி தொய்ந்துவிட்டது. பிஇடிஜி 80 டிகிரிவரை நிற்கும், மரை அரைபடாமல் தாங்கும். என் ஓட்டு அதற்கே. ஏபிஎஸ் கணினியின் உறையோடு ஒத்த பொருள்தான், 100 டிகிரியையும் தாண்டி நிற்கும், ஆனால் குளிரும்போது சுருங்கி மூலைகள் தூக்கிக்கொள்ளும். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அந்த மல்லுக்கட்டு தேவையில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் மேசையில் இருக்கும் கணினியைப் பாருங்கள். நாற்பது வருடத்தில் அது எவ்வளவு மஞ்சளித்திருக்கிறதோ அதற்குத்தான் பெட்டி பொருந்த வேண்டும்.

எல்இடிக்கு ஒரு சுலபமான வழி: 1.75 மி.மீ. நிறமற்ற ஃபிலமென்ட்டில் ஒரு துண்டு வெட்டி, முகப்பில் 1.9 மி.மீ. துளை போட்டுச் செருகுங்கள். ஒரு முனை எல்இடியின் தலையைத் தொடட்டும், வெளி முனையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கிவிடுங்கள். ஒளி அழகாக வழிந்து வரும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து பிழை விளக்கு எரிகிறதா, வேலை விளக்கு எரிகிறதா என்று தெரியாது. ரீசெட் பொத்தான் பேனா முனை நுழையும் துளைக்குள் ஒளிந்திருக்கட்டும்.

பெட்டியின் எடை! இதை யாரும் சொல்வதில்லை. அச்சிட்ட பெட்டி இறகு மாதிரி இருக்கும். கார்டைத் தள்ளினால் கார்டு உள்ளே போகாது, பெட்டி பின்னால் போகும். ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் செருக வேண்டியிருக்கும். அடியில் ரப்பர் கால்கள் ஒட்டுங்கள், உள்ளே அடித்தளத்தில் ஒரு இரும்புத் தகட்டை டேப்பால் சுற்றி, போர்டின் அடியைத் தொடாத மாதிரி ஒட்டுங்கள். கால் கிலோ வந்துவிட்டால் ஒற்றை விரலால் டிக் என்று செருகலாம். மூடியை மூட மட்டும் காந்தம் வேண்டாம். கார்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் கமடோர் வைத்திருப்பவர் மேசையில் எங்காவது நிஜமான டிஸ்க்குகளும் கிடக்கும்.

மூடியைப் பசை வைத்தும் ஒட்டாதீர்கள், நாலு திருகு போடுங்கள். எஸ்டி2ஐஇசியில் புது ஃபர்ம்வேரைக் கார்டிலேயே போட்டு ஏற்றிக்கொள்ளும் வசதி வழக்கமாக இருக்கும், அதற்குப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் ஏற்றும்போது பாதியில் ஏதாவது கோளாறாகி போர்டு எழவில்லை என்றால் ஆறு முள் புரோகிராமிங் இணைப்பு வழியாகத்தான் எழுப்ப வேண்டும், அந்த முட்கள் பெட்டிக்குள், போர்டின் மேல்தான் இருக்கும்.

திருகுகளை இறுக்கும் முன் கேசட் இணைப்பானின் தரைக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் குறுக்கிணைப்பு இல்லையே என்று மீட்டரில் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் கணினியை ஏற்றாமலே கார்டை இருபது தடவை செருகி எடுங்கள். இருபதிலும் டிக் கேட்டு, பக்கவாட்டுப் பொத்தான் நகராமல் இருந்தால் கணினியைப் போடலாம். கார்டு 32 ஜிபிக்குள் இருக்கட்டும், ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வரும், போர்டுக்கு அது புரியாது. 32 ஜிபியில் 1541 டிஸ்க் பிம்பங்கள் (ஒரு டிஸ்க்கை அப்படியே கோப்பாக்கிய நகல்கள்) ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அடங்கும், உங்கள் ஆயுசுக்குப் போதும்.